முகமூடிக்குக் கண்ணாடிப் பெட்டி, மனிதனுக்கு வெளியேற்றக் கடிதம்!



தீபாவளிச் சாமான் வாங்க பிரிக்பீல்ட்ஸ் போகிறீர்கள். துணி எடுக்கிறீர்கள், பூ வாங்குகிறீர்கள், பிள்ளைகளுக்கு வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கிறீர்கள். பிறகு நேரே கே.எல். சென்ட்ரல், ரயில், வீடு. அந்த ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம், நடந்தே போகும் தூரத்தில், தேசிய அரும்பொருளகம் இருக்கிறது. மூசியம் நெகாரா. நம்மில் எத்தனை பேர் உள்ளே காலை வைத்திருக்கிறோம்? பள்ளிக்கூடத்தில் பஸ் வைத்துக் கூட்டிப் போன ஒரு நாள். அதோடு சரி.

"அங்கே நமக்கு என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1963 ஆகஸ்ட் 31-இல் திறந்த கட்டடம் அது. உள்ளே நான்கு காட்சிக்கூடங்கள்: பழங்காலம், மலாய் அரசுகள், காலனி ஆட்சி, இன்றைய மலேசியா. இந்த நாட்டுக்கு ரப்பர் பால் கறந்து கொடுத்தவர்களுக்கு அந்த நான்கு கூடங்களில் எத்தனை அடி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நீங்களே போய் அளந்து பாருங்கள். நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம்.

ஆனால் இன்று நான் உங்களை அழைப்பது அந்தப் பெரிய கட்டடத்துக்கு அல்ல. அதே வளாகத்தில் ஒதுங்கி நிற்கும் சிறிய இடத்துக்கு. அதன் பெயர் ஓராங் அஸ்லி கைவினை அரும்பொருளகம். இந்த மண்ணின் பூர்வக்குடிகள் கையால் செதுக்கியது, முடைந்தது, பூட்டிக்கொண்டது எல்லாம் அங்கே வைத்திருக்கிறார்கள். திறந்திருக்கும் நாள், நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

ஏன் போக வேண்டும்? நமக்கு நடந்ததும் இனி நடக்கப் போவதும் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளில் தெரிகிறது. அதற்காகத்தான்.

மரத்தில் செதுக்கிய முன்னோர்

உள்ளே போனால் முதலில் உங்களைப் பார்ப்பது முகங்கள். மரத்தில் செதுக்கிய முகமூடிகள். சில சிரிக்கும், சில நாக்கைத் துருத்தும், சில கோணிக்கொண்டு முறைக்கும். பிள்ளைகள் "பேய்!" என்று கத்துவார்கள். அடக்குங்கள். அது பேய் அல்ல, ஒருவருடைய சாமி.

மஹ் மெரி என்ற பூர்வக்குடி மக்கள் சிலாங்கூர் கடற்கரைப் பக்கம், கேரித் தீவில் வாழ்கிறார்கள். அவர்கள் 'மோயாங்' என்று கும்பிடுவது முன்னோர்களின் ஆவியை. ஆண்டுக்கு ஒரு முறை அந்த முன்னோருக்குத் திருநாள். அன்று முகமூடி அணிந்து ஆடுவார்கள். எதைச் சுற்றி ஆடுகிறார்கள் தெரியுமா? 'புசுத்' என்று ஒரு மண்மேட்டைச் சுற்றி. மலாய் மொழியில் புசுத் என்றால் புற்று! புற்றுக்குப் பால் ஊற்றும் அம்மாமார்களே, இது உங்களுக்குப் புரியாத சமயமா?

பக்கத்தில் ஜா ஹுட் மக்களின் சிற்பங்களைப் பாருங்கள். பகாங் காட்டுப்புறத்து மக்கள். நோய் கொண்டுவரும் ஆவிக்கு அவர்கள் 'பெஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நோயாளியைப் பிடித்த ஆவியை மரத்தில் உருவமாகச் செதுக்கி, மந்திரித்து, நோயை அதில் இறக்கி அனுப்பிவிடுவது அவர்கள் வைத்தியம். நம் தோட்டத்துப் பூசாரி மாவில் பொம்மை பிடித்துக் கழிப்புக் கழித்ததை மறந்துவிட்டோமா? மரத்தடியில் ஒரு கல்லை நட்டு முனியாண்டி என்றோம். சூலத்தை ஊன்றி காளியம்மா என்றோம். அவர்கள் மரத்தைச் செதுக்கி மோயாங் என்றார்கள். வித்தியாசம் எங்கே இருக்கிறது?

இப்போது பிள்ளைகளை நிறுத்தி, மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். இது யாருடையது? இங்கே எப்படி வந்தது? செய்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? எந்த அரும்பொருளகத்துக்குப் போனாலும் இந்த மூன்றையும் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: யாருடையது?

விளக்க அட்டையைப் படியுங்கள். இனத்தின் பெயர் இருக்கும். செதுக்கியவரின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். ஓவியக்கூடத்தில் ஓவியருக்குப் பெயர் உண்டு, பிறந்த வருடம் உண்டு. பூர்வக்குடிக்காரர் செய்தால் மட்டும் அது 'இனத்தின் கைவினை' ஆகிவிடுகிறது. கை இருந்தது, ஆள் இல்லை என்பது போல!

பெயர் என்றதும் இன்னொன்றையும் நேர்மையாகப் பேசிவிடுவோம். வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகங்களில் இந்த மக்களை 'சக்காய்' என்று எழுதினார்கள். அடிமை, ஏவலாள் என்ற வாடை உள்ள சொல். அதை நம் தோட்டத்து மக்களும் பிடித்துக்கொண்டோம். பிள்ளை தலை சீவாமல் வந்தால் "சக்காய் மாதிரி இருக்கே" என்று திட்டுகிற வீடுகள் நம்மிடம் இல்லையா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

நம்மை ஒருவன் 'கெலிங்' என்று சொன்னால் ரத்தம் கொதிக்கிறது. கலிங்கத்திலிருந்து வந்த பெயர்தானே என்று சமாதானம் சொன்னால் ஏற்கிறோமா? இல்லை. சொல் எங்கிருந்து வந்தது என்பதல்ல பிரச்சினை. அதை எந்த வாய், எந்த நோக்கத்தோடு சொல்கிறது என்பதுதான் பிரச்சினை. நமக்கு வலிக்கிற அதே இடத்தில்தான் அவர்களுக்கும் வலிக்கும். அந்தச் சொல்லை இன்றோடு வீட்டை விட்டு வெளியே தள்ளுங்கள்.

இரண்டாம் கேள்வி: எப்படி வந்தது?

கோலாலம்பூரில் உள்ள இந்த முகமூடிகள் திருடப்பட்டவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் உலகத்துப் பெரிய அரும்பொருளகங்கள் பலவற்றில் இந்தக் கேள்வியைக் கேட்டால் முகம் வெளுக்கும்.

பாரிஸ் நகரில் 2006-இல் கே பிரான்லி என்று ஒரு பிரம்மாண்டமான அரும்பொருளகம் திறந்தார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மக்களின் கலைகளுக்கென்றே கட்டியது. ஆப்பிரிக்காவின் அபோமே அரண்மனையிலிருந்து 1892-இல் பிரெஞ்சுப் படை அள்ளிக்கொண்டு போன பொருள்களும் அதில் இருந்தன. கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள். 2021-இல் 26 பொருள்கள் பெனின் நாட்டுக்குத் திரும்பின. ஏறக்குறைய 130 வருடம் கழித்து!

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துச் சிங்கப்பூருக்கு வாருங்கள். அங்கே ஆற்றங்கரையில் ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகம் இருக்கிறது. 2007-இல் அது ஒரு சோழர் கால உமா பரமேஸ்வரி சிலையை நியூயார்க் வியாபாரி ஒருவரிடம் 6 லட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. பிறகுதான் தெரிந்தது, அந்த அம்மன் தமிழ்நாட்டில் அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் என்ற கிராமத்துக் கோயிலிலிருந்து களவு போனவள் என்று. 2015-இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது.

யோசித்துப் பாருங்கள். கிராமத்து மக்கள் கும்பிட்டபோது அவளுக்கு ஒரு காவலாளி இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் போன பிறகு குளிர்சாதனம், காவல், காப்புறுதி எல்லாம் கிடைத்தது. கும்பிட்டவர்கள் கையில் இருக்கும்வரை ஒன்றுக்கும் மதிப்பில்லை. அவர்கள் கையை விட்டுப் போனதும் அது கலை! இந்தக் கணக்கு நன்றாக மனதில் இருக்கட்டும்.

மூன்றாம் கேள்வி: செய்தவர்கள் எங்கே?

இதுதான் முக்கியமான கேள்வி. இதற்குப் பதில் எந்த அட்டையிலும் இருக்காது.

கேரித் தீவு என்ற பெயரே ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரையின் பெயர். மஹ் மெரி மக்கள் வாழ்ந்த தீவில் முதலில் ரப்பர், பிறகு செம்பனை என்று தோட்டங்கள் வந்தன. அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் யார்? நம் தாத்தா, பாட்டிமார். அந்தத் தீவில் தமிழ்ப்பள்ளிகள் இருப்பது எதனால் என்று நினைக்கிறீர்கள்? ஒரே தீவில் இரண்டு ஏழை இனங்கள். ஒருவரின் காட்டை எடுத்தார்கள், இன்னொருவரின் உழைப்பை எடுத்தார்கள். இருவருக்கும் பட்டா கொடுக்கவில்லை.

மஹ் மெரி சிற்பிகள் சிலை செதுக்குவதற்கு விரும்பும் மரம் 'ஞிரே பத்து'. கரையோரச் சதுப்புக் காட்டில் வளர்வது. சதுப்புக் காடு சுருங்கினால் மரம் எங்கிருந்து வரும்? மரம் இல்லாவிட்டால் சிலை எப்படி வரும்? இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். சிலைக்கு மரம் வேண்டும். மரத்துக்குக் காடு வேண்டும். காடு நிலைக்க நிலவுரிமை வேண்டும். உரிமையைக் கொடுக்காமல் சிலையை மட்டும் கண்ணாடிக்குள் வைத்துப் பெருமை பேசுவது, பசுவை விற்றுவிட்டு மணியை மாட்டி வைப்பது போல!

பூர்வக்குடிகளுக்கென்று 1954-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தின்படி, அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலத்தில்கூட அவர்கள் சொந்தக்காரர்கள் அல்ல. மாநில அரசு நினைத்தால் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்யலாம். நம் லயத்து வீட்டுக் கதை ஞாபகம் வருகிறதா? வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் மூட்டையைக் கட்டு. மூன்று தலைமுறை குடியிருந்தாலும் அது தோட்டத்து வீடு, நம் வீடு இல்லை.

டெங்கிலில் சந்தித்த இரண்டு பாதைகள்

ஓர் ஊரின் பெயரைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: டெங்கில்.

1995-இல் டெங்கில் பக்கத்துக் கம்போங் புக்கிட் தம்போயில் வாழ்ந்த தெமுவான் பூர்வக்குடி மக்களின் நிலத்தை, புதிய விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக எடுத்தார்கள். வீட்டுக்கும் மரம் மட்டைக்கும் காசு கொடுத்தார்கள். மண்ணுக்குக் கொடுக்கவில்லை. "மண் உங்களுடையது அல்லவே!" என்பது அரசுத் தரப்பின் வாதம். அந்த மக்கள் மிரண்டு ஓடவில்லை. சாகோங் தாசி என்பவரும் இன்னும் சிலரும் வழக்குப் போட்டார்கள். 2002-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வழிவழியாகக் குடியிருந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு, நில எடுப்புச் சட்டப்படி இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. படிப்பு இல்லை, பணம் இல்லை, ஓட்டுப் பலம் இல்லை என்று எல்லாரும் ஒதுக்கிய மக்கள் சாதித்தது இது!

அதே தொண்ணூறுகளில், அதே வட்டாரத்தில், புத்ராஜெயா என்ற புதிய நிர்வாகத் தலைநகரைக் கட்ட பேராங் பெசார் முதலான தோட்டங்களை எடுத்தார்கள். அங்கிருந்த நம் குடும்பங்களை எங்கே கொண்டு வைத்தார்கள்? அதே டெங்கிலில், தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில். மண்வீட்டு வாசலில் கோழி வளர்த்து, மாடு கட்டி, மாரியம்மனுக்குத் தேர் இழுத்த மக்கள் மாடிப்படியில் மூச்சு வாங்கினார்கள். சுவரில் விரிசல் என்று வருடக்கணக்கில் புகார் சொன்னார்கள்.

ஒரே ஊர். ஒரே காலம். விமான நிலையத்துக்குச் சாலை, அரசாங்கத்துக்கு நகரம். இரண்டுக்கும் இடம் கொடுத்தவர்கள் பூர்வக்குடியும் தமிழ்த் தொழிலாளியும். ஆனால் நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. அவர்களை நாம் 'சக்காய்' என்று ஒதுக்கினோம். அவர்கள் பார்வையில் நாமும் துரையோடு வந்த கூட்டம்.

"நம்ம பாட்டையே பார்க்க முடியலே..."

"நமக்கே தலைக்கு மேலே பிரச்சினை. இதில் ஊரான் பிரச்சினை எதற்கு?" என்று அண்ணன்மார் கேட்பீர்கள். கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

கெடா மாநிலம், மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அரும்பொருளகம் இருக்கிறது. கடாரம் என்று நம் ஆட்கள் மார்தட்டும் பூமி. அங்கே புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளத்தை எடுத்துச் சீராக்கி, சுற்றுப்பயணிகள் படம் பிடிக்க வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் அதே பள்ளத்தாக்கில், சுங்கை பத்துவில், 11-ஆம் எண் என்று குறிக்கப்பட்ட பழங்கோயில் சின்னத்தை 2013-இல் ஒரு மேம்பாட்டாளரின் இயந்திரம் இடித்துத் தள்ளியது. நிலம் தனியாருடையது, பாதுகாப்புக்கு அரசிதழில் பதிவாகவில்லை என்று காரணம் வந்தது. அரும்பொருளகத்துக்குள் இருந்த கல் பிழைத்தது. வெளியே இருந்த கல் போனது. காகிதம் இருந்தால் உயிர், இல்லாவிட்டால் மண்!

நூற்றாண்டுகள் பழைய கல்லுக்கே இந்தக் கதி என்றால், நம் பாட்டன் வைத்த தோட்டத்துக் கோயிலுக்கு யார் காவல்? 2007 அக்டோபர் 30, தீபாவளிக்குச் சில நாள் முன்பு, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் கம்போங் ரிம்பா ஜெயா மாரியம்மன் கோயிலை உடைத்தார்கள். அந்த வலியோடுதான் அதே ஆண்டு நவம்பர் 25-இல் ஆயிரக்கணக்கானோர் கோலாலம்பூர் வீதியில் நின்றோம், கண்ணீர்ப் புகையைச் சுவாசித்தோம். அன்று நாம் கேட்டது என்ன? "தலைமுறை தலைமுறையாக இருந்த இடம், காகிதம் இல்லை என்பதற்காகப் பறிக்காதே" என்பதுதானே? தெமுவான் மக்கள் நீதிமன்றத்தில் கேட்டதும் அதையேதான்!

ஆகவே இது ஊரான் பிரச்சினை அல்ல. அவர்கள் வழக்கில் வென்றால் அந்த நீதி நமக்கும் ஒரு படி. அவர்கள் தோற்றால் அடுத்த கடிதம் நம் வாசலில்.

இன்னும் சிலர் சொல்வார்கள்: "அரும்பொருளகம் இல்லாவிட்டால் இந்தக் கலையெல்லாம் அழிந்தே போயிருக்கும்." பாதி உண்மை. காப்பாற்றுவது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மஹ் மெரி சிற்பிகள் இன்னும் செதுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உயிரோடு இருக்கிற மக்களின் கலையைச் செத்துப்போனவர்களின் சொத்து போல அடுக்கி வைக்கும்போது, பார்க்கிற பிள்ளை "இவங்க முன்னே இருந்தாங்க போல" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. முன்னே இருந்தவர்களுக்கு நிலம் எதற்கு? இப்படித்தான் கண்ணாடிப் பெட்டி ஒரு பொய்யைச் சத்தமில்லாமல் சொல்கிறது.

நாம் செய்ய வேண்டியது

நமக்கும் ஒரு அரும்பொருளகம் வேண்டும் என்று கேட்கிறோம். சிங்கப்பூரில் 2015-இல் இந்திய மரபுடைமை நிலையம் திறந்தார்கள். இங்கே தோட்டத்து மக்களின் வரலாற்றுக்கு மரியாதையான இடம் கேட்பது நம் உரிமை. கேட்போம், உரக்கக் கேட்போம். ஆனால் ஒரு உளி, இரண்டு மங்கு, ஒரு காண்டா வாளி, முக்காடு போட்ட ஒரு பொம்மை என்று மூலையில் வைத்து, "இந்தியச் சமூகத்தின் பங்களிப்பு" என்று அட்டை தொங்கவிட்டால், மாலை போட்டுக்கொண்டு கைதட்டிவிட்டு வரக்கூடாது. தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டவனுக்கு வீடு எங்கே, கோயிலுக்குப் பட்டா எங்கே, தமிழ்ப்பள்ளிக்கு நிலம் எங்கே என்று அந்த மேடையிலேயே கேட்க வேண்டும்.

அதற்கு முன், நம் கையிலேயே இருக்கிற வேலை நான்கு.

ஒன்று, பிள்ளைகளை அந்தச் சிறிய அரும்பொருளகத்துக்குக் கூட்டிப் போங்கள். அது மூடியிருந்தால் கொம்பாக்கில் ஓராங் அஸ்லி அரும்பொருளகம் இருக்கிறது, அங்கே போங்கள். மூன்று கேள்வியையும் பிள்ளைகள் வாயாலேயே கேட்கவிடுங்கள்.

இரண்டு, வீட்டில் பாட்டி வைத்திருக்கும் பழைய உளியையும் பால் வாளியையும் பழைய இரும்புக்காரனுக்குப் போடாதீர்கள். ஒரு அட்டையில் எழுதிக் கட்டுங்கள்: யார் பிடித்தது, எந்தத் தோட்டம், எந்த வருடம், ஒரு நாளைக்கு எத்தனை மரம். பாட்டியின் பெயரை முழுசாக எழுதுங்கள். நாளைக்கு எவனோ வந்து 'தோட்டத் தொழிலாளியின் கருவி' என்று பெயரில்லாமல் எழுதுவதற்கு முன்னால் நம் அட்டையை நாமே எழுதிவிட வேண்டும்.

மூன்று, உங்கள் கோயில், மயானம், பள்ளிக்கூடம் எந்த நிலத்தில் நிற்கிறது, யார் பெயரில் பட்டா என்று நிர்வாகத்தைக் கேளுங்கள். இயந்திரம் வந்து நின்ற பிறகு கேட்டுப் பயனில்லை.

நான்கு, பூர்வக்குடி மக்கள் நிலத்துக்காகச் சாலையை மறித்தால், நீதிமன்ற வாசலில் நின்றால், கையெழுத்துக் கேட்டால், "அவங்க வேற, நாம வேற" என்று ஒதுங்காதீர்கள். கையெழுத்துப் போடுங்கள். முடிந்தால் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

இந்த நாட்டில் ஓராங் அஸ்லி மக்கள் சுமார் 2 லட்சம் பேர்தான். நூற்றில் ஒருவர்கூட இல்லை. அவர்களுக்கு ஓட்டு இருக்கிறது, ஆனால் ஓட்டுக்கு எடை இல்லை. சிறுபான்மையின் வலி சிறுபான்மைக்குத்தான் தெரியும் என்று மேடையில் பேசுகிறோமே, அது உண்மையானால் அதைக் காட்டுவதற்கு இதுதான் இடம்.

அடுத்த தீபாவளிக்கு பிரிக்பீல்ட்ஸ் வரும்போது, அரை நாள் ஒதுக்கி அந்தப் பக்கம் நடந்து போங்கள். முகமூடி முன்னால் பிள்ளையை நிறுத்துங்கள். "இது பேய் இல்லம்மா, இவங்க தாத்தா. இவங்களும் நம்மளை மாதிரி இடம் இழந்தவங்க. இன்னும் இருக்காங்க" என்று சொல்லுங்கள்.

கண்ணாடிக்குள் நிற்கும் மரியாதை நமக்கும் வேண்டாம், அவர்களுக்கும் வேண்டாம். மண்ணில் நிற்கும் உரிமை வேண்டும்!